நகராட்சி மன்றத்திலிருந்து மக்களவை வரை: மார்ஷல் நேசமணி நடந்த வழி

திருநெல்வேலிச் சீமையின் மேற்கெல்லையில், மணிமுத்தாறு அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறுவோர் முதலில் அடைவது மாஞ்சோலை. அதற்கப்பால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதே பாதையில் மேலும் சென்றால் மேல் கோதையாறு. அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும், வண்டியில் அங்கே செல்ல விரும்புவோர் மாஞ்சோலை வழியாகவே செல்ல வேண்டும். இன்று இப்பயணத்தில் நாம் கடப்பது ஒரு மாவட்டத்தின் எல்லையை மட்டுமே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன்னரோ, அங்கே கடக்க வேண்டியிருந்தது ஒரு மாநிலத்தின் எல்லை. இந்தியா விடுதலை பெறுவதற்கு முன்னர், ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிப் பகுதிக்குள் நுழைவதாக அது இருந்தது.

மலைமுகட்டில் இருந்த அந்த எல்லை தானாக நகரவில்லை. அதை நகர்த்தியவர்களுள் முதன்மையானவராக மக்கள் நினைவில் நிற்பவர் மார்ஷல் ஏ. நேசமணி. 1983-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 1997 வரை நாகர்கோவில் பகுதியில் ஓடிய அரசுப் பேருந்துகள் அவர் பெயரைத் தாங்கியிருந்தன. அப்பெயரைப் பேருந்தின் பக்கவாட்டில் படித்தவர் பலர். அவர் யார் என்று கேட்டவர் சிலர். நகராட்சி மன்றத்தில் அமர்ந்த ஒருவர், மாநில மன்றத்தையும் மக்களவையையும் எட்டிய அந்த வழியைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்பது நம் நாள்களுக்கும் பயன்தரும் என்று கருதுகிறோம். அவ்வழி முழுவதும் அவர் ஒரே கேள்வியையே சுமந்து சென்றார். ஓர் இடத்தில் வாழ்ந்து, உழைத்து, மடிகின்ற மனிதன், அவ்விடத்துக்கு உரியவனாக எண்ணப்படுகிறானா, இல்லையா என்பதே அக்கேள்வி.

முக்காலியும் நாற்காலியும்

நேசமணி 1895-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், விளவங்கோடு தாலுகாவிலுள்ள பள்ளியாடியில் பிறந்தார். தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் தோன்றிய அவர், சட்டம் பயின்று, 1921-ஐ ஒட்டி நாகர்கோவிலில் வழக்கறிஞரானார்.

அன்றைய திருவிதாங்கூரில் சாதி எவ்வளவு கடுமையாக ஆட்சி செய்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். தோள்சீலைக்காகவே போராட வேண்டியிருந்த மண் அது. நாகர்கோவில் வழக்கறிஞர்களின் அறையில் உயர்ந்தோர் எனப்பட்டவர்கள் அமர நாற்காலிகளும், மற்றவர்கள் அமர முக்காலிகளும் இருந்தன என்றும், குடிநீர்ப் பானைகளும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன என்றும், இளைஞரான நேசமணி அந்த முக்காலிகளை அகற்றி, எல்லாரும் ஒரேவித இருக்கையில் அமரச் செய்தார் என்றும் அவ்வட்டாரத்தார் இன்றளவும் சொல்லி வருகின்றனர். ஒரே கல்லூரியில் படித்து, ஒரே பட்டம் பெற்று, ஒரே நீதிபதியின் முன் வாதாடும் இருவர், வெளியே வந்ததும் வெவ்வேறு உயரத்தில் அமர வேண்டும் என்பது எத்தகைய நீதி? சட்டத்தின் முன் சமம் என்று ஏட்டில் இருந்தது. இருக்கையில் இல்லை. அவரது பொதுவாழ்வு தொடங்கிய இடத்தை இந்தச் செய்தி நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

நகராட்சி கற்பித்த பாடம்

1940-களில் நேசமணி நாகர்கோவில் நகராட்சியின் தலைவராகப் பொறுப்பு வகித்தார். திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். பெரிய பதவிகளை எட்டியவர்களின் வரலாற்றை எழுதுவோர், நகராட்சிக் காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். அது முறையன்று என்றே நாம் எண்ணுகிறோம்.

நகராட்சி மன்றம் என்பது என்ன? சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, சந்தை, சுடுகாடு, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை. இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கவும், விடை சொல்லவும் அமைந்த மன்றம். அங்கே ஒரு மனிதன் ஒரு வீட்டு எண்ணாக, ஒரு வரிச்சீட்டாக, ஒரு தெருவின் பெயராகப் பதியப்படுகிறான். நம் தெருவுக்கு ஏன் குழாய் வரவில்லை என்று அவன் கேட்கும்போது, அவன் அந்த ஊரானா என்று எவரும் ஐயுறுவதில்லை. வரிச்சீட்டு அவன் கையில் இருக்கிறது. உரிமை என்னும் பெரிய சொல் முதலில் நடைபழகுவது இந்தச் சிறிய முற்றத்தில்தான்.

ஆனால் அந்த முற்றம் அன்று மிகக் குறுகியதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மன்னராட்சிக் காலத்தில் வாக்குரிமை பெரும்பாலும் வரி செலுத்துவோருக்கும் சொத்துடையோருக்குமே உரியதாயிருந்தது. சொத்தில்லாதவன் தெருவில் வாழலாம். பட்டியலில் வாழ முடியாது. 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் தேர்தல் நடைபெற்றது. அதுவரை எண்ணப்படாதவர்கள் அன்று எண்ணப்பட்டார்கள்.

அந்தத் தேர்தலுக்கு முன்னரே தமிழ்ப் பகுதிகளில் ஓர் இயக்கம் வேர்விட்டிருந்தது. 1945-ஆம் ஆண்டின் இறுதியில் சாம் நத்தானியேல் முதலியோரின் முயற்சியால் தொடங்கிய அமைப்பு, மறு ஆண்டில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947 செப்டம்பரில், விடுதலைக் கொடி ஏறிய சில வாரங்களில், நேசமணி இவ்வியக்கத்தின் முன்னணிக்கு வந்தார். தென் தாலுகாக்களில் தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினர். அவர்களது பள்ளியும், நீதிமன்றமும், அலுவலகமும் அவர்கள் மொழியில் இயங்க வேண்டுமாயின், அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கை. 1948 தேர்தலில் அவ்வியக்கம் 14 இடங்களை வென்றது.

தொடக்கத்தில் இவ்வியக்கம் எல்லாச் சமூகத்தாரின் நம்பிக்கையையும் ஒருங்கே பெறவில்லை. நாடார் சமூகத்தின் ஆதரவு மிகுதியாகவும், பிறருடைய ஆதரவு தயக்கத்தோடும் இருந்தது. மொழியுணர்வும் சாதியுணர்வும் பின்னிக் கிடந்த இடங்கள் உண்டு. ஆயினும் காலப்போக்கில் ரசாக் போன்ற இசுலாமியரும், தாணுலிங்க நாடார் போன்ற இந்துக்களும், நேசமணி போன்ற கிறிஸ்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

தில்லியில் ஒலித்த குரல்

1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1952-இல் கூடிய முதல் மக்களவைக்கு நாகர்கோவில் தொகுதியிலிருந்து, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் நேசமணி தேர்ந்தெடுக்கப்பட்டார். நாகர்கோவிலின் தெருக்களை அறிந்த மனிதர் தில்லியின் வட்ட மண்டபத்துக்குப் போனார். பெருங்கட்சியின் பின்பலம் அவருக்கில்லை. நான்கைந்து தாலுகாக்களின் மக்கள் கொடுத்தனுப்பிய கோரிக்கை மட்டுமே இருந்தது.

1953-ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசு, பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. குன்சுருவும் கே. எம். பணிக்கரும் அதன் உறுப்பினர்கள். ஆணையத்தின் முன் தங்கள் வழக்கைச் சொல்லத் தமிழ்த் தாலுகாக்களின் மக்கள் ஆயத்தமாயினர். 1954-ஆம் ஆண்டு ஜூலையில் தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழர்களின் குறை கேட்க மூணாறுக்குச் சென்ற நேசமணி, தடையுத்தரவை மீறியதற்காகக் கைது செய்யப்பட்டார். தென் தாலுகாக்களில் கொந்தளிப்பு மூண்டது. ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அன்று முதலமைச்சராயிருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அதே கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியா, மக்கள் மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார். தம் கட்சியின் அரசையே அறத்தின் முன் நிறுத்திய அச்செயல் இந்திய அரசியலில் அரிதாகவே நிகழ்ந்தது.

1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தைச் சேர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1956 நவம்பர் முதல் நாள் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. 2019 முதல் அது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நேசமணி பிறந்த தாலுகாவும் தமிழகத்துக்கு வந்தது. மாஞ்சோலைக்கு மேலே இருந்த மாநில எல்லை மாவட்ட எல்லையானது.

இணையாத மலைகள்

வெற்றியின் கதை இத்துடன் முடிவதாகச் சொல்வோர் உண்டு. ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் தெளிவான பெரும்பான்மையினராக இருந்தும், பீர்மேட்டில் பாதிக்குச் சற்றே குறைந்திருந்தும், அவ்விரு தாலுகாக்களும் கேரளத்திலேயே நின்றன. ஆணையம் காட்டிய காரணங்களுள் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்று: அங்குள்ள தமிழருள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்காக வந்து சேர்ந்தவர்கள் என்பது. வேறு காரணங்களும் இருந்தன. மலைவளமும், நீர்வளமும், அப்பகுதியின் பொருளாதாரப் பிணைப்பும் எடைபோடப்பட்டன. அவை பொய்யான காரணங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும், கங்காணிகளின் பின்னால் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிக் காட்டைத் திருத்திய மக்கள், தலைமுறைகள் கடந்தும் வந்தேறிகளாகவே எண்ணப்பட்டார்கள் என்பது உண்மை.

நேசமணி நாடாளுமன்றத்தில் இவ்விரு தாலுகாக்களுக்காகவும் வாதாடினார்; பயனில்லை. ஏன் இந்தத் தோல்வி? பலர் பலவாறு விடை கூறியுள்ளனர். அன்றைய சென்னை அரசின் தலைவர்கள் போதிய முனைப்புக் காட்டவில்லை என்பாரும் உளர். இவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலின் குடிமகனுக்கு நகராட்சி இருந்தது; வரிச்சீட்டு இருந்தது; நிலப்பட்டா இருந்தது; அவற்றின் வழியாக உருவான தலைவர்கள் இருந்தனர். தேயிலை மலையின் தொழிலாளிக்கு இவற்றுள் எது இருந்தது? அவன் குடியிருந்த லயம் கம்பெனியுடையது. நடந்த பாதை கம்பெனியுடையது. எரிந்த விளக்கும், பிள்ளை படித்த பள்ளியும், நோய்க்குப் போன மருந்தகமும் கம்பெனியுடையவை. வாக்குரிமை வந்த பின்னர் தில்லிக்கு ஆள் அனுப்ப அவனுக்கு உரிமை கிடைத்தது; தன் வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றிக் கேட்க மன்றமில்லை. ஏணியின் மேற்படி இருந்தது, முதற்படி இல்லை. ஆணையம் வந்து, நீ இந்த ஊரானா என்று கேட்டபோது, அவன் எடுத்துக் காட்ட ஒரு தாளும் இல்லை.

மாஞ்சோலை கேட்கும் கேள்வி

இந்த எண்ணம் நம்மை மீண்டும் மாஞ்சோலைக்கு அழைத்து வருகிறது. 1929-ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன், எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மக்கள் மலையேறினர், காடு தோட்டமாயிற்று. ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்த பின்னரும் குத்தகை தொடர்ந்தது. அதன் காலக்கெடு 2028.

1951-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. தொழிலாளர்க்கு வீடும், மருத்துவமும், குழந்தைகளுக்குக் காப்பகமும், கல்வி வசதியும் தோட்ட முதலாளி அமைத்துத் தர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தொழிலாளர் வாழ்வில் அது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டம் தந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை நின்றால் கூரையும் இல்லை. தாத்தாவும் தந்தையும் வாழ்ந்த வீட்டில் பேரன் மூன்றாந் தலைமுறையாகப் பிறந்தாலும், அது அவன் வீடாவதில்லை.

1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கூலி உயர்வும், சிறையிலிருந்த தம் உடன்தொழிலாளரின் விடுதலையும் வேண்டி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர் மாஞ்சோலை மக்களும் அவர்களுக்குத் துணைநின்றோரும். காவலரின் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியவர்களுள், குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். ஆட்சியரின் வாசல் வரை அவர்கள் ஏன் நடக்க வேண்டியிருந்தது? குறையைக் கேட்டுத் தீர்க்கவல்ல மன்றம் அதைவிட அருகில் இல்லை என்பதும் ஒரு காரணமன்றோ? உள்ளாட்சிப் பட்டியலில் பெயர் இருந்தபோதிலும், வீடும் பாதையும் விளக்கும் ஒரு கம்பெனியின் கையில் இருக்கும் ஊரில், உள்ளாட்சி உறுப்பினர் செய்யக்கூடியது சிறிதே.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் நடந்தது. திருநெல்வேலித் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் மாஞ்சோலை மக்களின் பெயர்களும் இருந்தன. அடுத்த சில வாரங்களிலேயே, குத்தகை முடியும் காலம் நெருங்குவதைக் காட்டி, விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வீடுகளை ஒப்படைக்குமாறு கம்பெனி அவர்களிடம் கூறியது. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றன.

காட்டின் தரப்பிலும் நியாயம் உண்டு. தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் அம்மலைகளில் பிறந்துதான் திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்களையும் வீடுகளையும் வாழ்விக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அங்கே இருக்கிறது. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்போரை மக்கள் பகைவராகக் கருதுவது தவறு. நாம் கேட்பது வேறு. காட்டைக் கணக்கிட்டவர்கள், அதில் ஏறத்தாழ நூறாண்டு உழைத்த மனிதரையும் கணக்கிட்டார்களா? கீழே இறங்கும் குடும்பத்துக்கு ஒரு வீட்டு எண்ணும், ஒரு தெருப்பெயரும், ஒரு பட்டாவும் கிடைக்கிறதா? அல்லது மலையிலும் ஊரற்றவர்கள், சமவெளியிலும் ஊரற்றவர்கள் என்று ஆவார்களா?

பங்குகளில் பணியாற்றுவோர் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதும்போது, அதன் ஊரையும் எழுதுகிறோம். அந்தக் கட்டத்தில் மாஞ்சோலை என்றோ, நாலுமுக்கு என்றோ எழுதப்பட்ட பெயருக்குரியவர் அவ்வூராரே என்பதில் திருச்சபைக்கு ஐயமில்லை. பேரரசன் ஒருவன் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டபோது, நம் ஆண்டவரின் குடும்பமும் பதிவு செய்துகொள்ளப் பெத்லகேமுக்குப் பயணமாயிற்று, எண்ணப்பட்டது, ஆனால் தங்க இடம் பெறவில்லை. எண்ணிக்கையில் சேர்ப்பது வேறு, இடங்கொடுப்பது வேறு என்பதைக் கிறிஸ்தவர்களுக்கு எவரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

படிகள் சொல்லும் பொருள்

இணைப்புக்குப் பின்னர் நேசமணி 1957-இல் கிள்ளியூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962-இலும் 1967-இலும் காங்கிரஸ் சார்பில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்களவை உறுப்பினராக இருந்தபோதே, 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் காலமானார். அவர் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்ததில்லை. எந்தப் பெருந்திட்டத்தின் கல்வெட்டிலும் அவர் பெயரைத் தேட வேண்டியதில்லை. ஒரு மாவட்டமே அவருக்குக் கல்வெட்டாயிருக்கிறது.

அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் காமராசர். அவரும் நகராட்சியை அறிந்தவர்தாம். 1941-இல் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, விடுதலையானதும் அப்பதவியை விட்டு விலகினார். அதற்கெனத் தம் முழு நேரத்தையும் தர இயலாது என்பது அவர் எண்ணம். பின்னாளில் அவர் முதலமைச்சராயிருந்த காலத்தில்தான் 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டம் வந்தது; ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. மணிமுத்தாறு அணை எழுந்ததும் அவர் காலத்திலேயே. தமக்கு நேரமில்லை என்று தாம் விட்ட முதற்படியை, ஆயிரமாயிரம் சிற்றூர்களுக்கு அவர் அமைத்துக் கொடுத்தார் எனலாம்.

உள்ளாட்சியிலிருந்து நாடாளுமன்றம் வரை ஏறியவர்களின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் ஏணியாகப் பார்க்கின்றனர். மேலே போகப் போகக் கீழ்ப்படி சிறிதாகத் தெரிவதும் இயல்பே. ஆனால் நேசமணியின் வாழ்வில், முக்காலியில் உட்காரவைக்கப்பட்ட வழக்கறிஞருக்காக எழுந்த கேள்வியே நகராட்சிக்கும், திருவனந்தபுரத்துக்கும், மூணாற்றின் தடையுத்தரவுக்கும், தில்லிக்கும் போயிற்று. மன்றங்கள் மாறின, கேள்வி மாறவில்லை. அக்கேள்விக்கு நான்கு தாலுகாக்களில் விடை கிடைத்தது. தேயிலை மலைகளில் கிடைக்கவில்லை. 2024-க்குப் பிறகு மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள், அவ்விடையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்த முறை நம் வாசலில் வாக்குக் கேட்டு வருபவர் ஊராட்சி உறுப்பினராயினும், மக்களவை வேட்பாளராயினும், அவரிடம் சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்போம். அது நம் உரிமை. அதோடு, மலையிலிருந்து இறங்கிவந்த குடும்பத்துக்கு நம் ஊரில் எந்தத் தெருவில் வீடு கொடுக்கப் போகிறீர்கள் என்றும் கேட்போம்.